அடுத்த கட்டில் பரோனெட்

எல்லர்ஸ்லி, ஆக்லாந்து
ஆனி 1996

என் மகளுக்கு,

இந்த முதியோர் இல்லத்தில் என் அடுத்த கட்டிலில் இருந்த வெள்ளைக்காரர், பரம்பரைப் பட்டமுள்ள ஒரு பரோனெட். முந்தநாள் காலமானார். ஆண்வழிக்கே சேருமென்று, பட்டமும் இங்கிலாந்து மாளிகையும் அவர் கண்டேயிராத ஒருவனுக்குப் போய்விட்டன. தினமும் வந்து கஞ்சி ஊட்டிய மகளுக்குக் கிடைத்தது அவருடைய மூக்குக்கண்ணாடிதான்.

யாழ்ப்பாணத்தில் வீடு பெண்பிள்ளைக்கே சீதனமாகப் போகும் என்று அவளிடம் முன்பு பெருமையடித்திருந்தேன். அப்படியானால் உங்கள் வீடு மகளிடமா என்று கேட்டாள். நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன். உன் கலியாணத்தைப் பொறுக்காமல் வீட்டை உன் அண்ணனுக்கு எழுதிக்கொடுத்தவன் நான்தானே.

அண்ணன் சுகம். எப்போது என்னைப் பார்க்க வருவாய் என்று கேட்டால், "அடுத்த கிழமை பாப்பம், அப்பா" என்கிறான்.

அந்தப் பெண் இன்றும் வந்தாள். வெறுங்கட்டிலைப் பார்த்தபடி நின்றுவிட்டு, எனக்குக் கஞ்சி ஊட்டினாள்.

உன் அப்பா