கெமராப் பெட்டியில் இருந்த முடி

செவ்வாய்க்கிழமை, தேருக்கு மறுநாள்.

ராசா, நாளைக்குக் கோயிலில் ஒருவர்மேல் ஒருவர் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். படம் எடுக்க உங்கள் கெமராவைக் கேட்டுத் தம்பி வந்தான். நீங்கள் கண்மூடிய பிறகு, தண்ணீர் புகாத அந்தப் பெட்டியை நான் தொடவே இல்லை. அவன்தான் திறந்தான். மூடியின் ரப்பர் வளையத்தில் ஒரு முடி ஒட்டியிருந்தது.

"இந்த ஒத்த முடி போதும் மதினி, தண்ணி உள்ள பூந்துரும்" என்று ஊதப் போனான். பெட்டியைப் பிடுங்கிக்கொண்டேன்.

"ஒரு முடிக்கா இந்தப் பாடு!" என்று சிரித்தவன், என் முகத்தைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டான்.

கெமராவைக் கொடுத்துவிட்டேன். முடியை, எழுதிக்கொண்டிருக்கும் இந்தக் கொப்பிக்குள் வைத்திருக்கிறேன். வளையத்தை விரலால் தடவிப் பார்க்காமல் நீங்கள் ஒருநாளும் மூடியதில்லை. தம்பிக்கும் உங்களைப் போலவே குட்டை முடிதான். குனிந்து திறந்தபோது அவன் தலையிலிருந்து விழுந்ததோ என்னவோ.

உங்களுடையதுதானே ராசா?