எட்டாத காது

4 ஜூன் 1974, செவ்வாய்

இன்று மகள் செல்வியைப் பாலர் வகுப்பில் சேர்க்கக் கூட்டிப் போனேன். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார் டீச்சர். அவள் விரல் காதுக்கு மேலேயே நின்றுவிட்டது.

"எட்ட மாட்டேங்கு டீச்சர்" என்றாள்.

"சரி, அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க" என்றார் அவர்.

காலையில் தலை பின்னும்போது ஐந்து தடவை தொட்டுக் காட்டியவள். தோட்டைப் பிடித்து இழுத்தே காட்டினாள். திரும்பி வரும் வழியில், உப்பளத்து ரோட்டில் வைத்துக் கேட்டேன்.

"ஏளா, ஏன் தொடல?"

"தம்பி முழிச்சா என்னையத் தேடுவாம்லா."

அவன் பிறந்த அன்று, "இவனுக்குப் பல்லே இல்லம்மா, ஆஸ்பத்திரியிலயே குடுத்துருவோம்" என்றவள் இவள்தான். இப்போது அவன் சிணுங்கினால் எனக்கு முன்னால் ஓடிப்போய்த் தொட்டிலை ஆட்டுகிறாள்.

நானும் என் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் வீட்டோடு நின்றவள்தான். அவன் தலையில் மணக்கும் தேங்காயெண்ணெய் வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. அடுத்த வீட்டுப் பிள்ளைகள் சிலேட்டோடு போவதை வாசலில் நின்று பார்த்ததும் மறக்கவில்லை.

ஹார்பர் வேலை முடிந்து வந்ததும் அவள் அப்பா கேட்டார், "தொட்டாளா?"

செல்வி என் முகத்தையே பார்த்தாள்.

"எட்டல" என்றேன்.

டீச்சரிடமே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அவள் இன்னும் ஒரு வருஷம் வீட்டில் இருந்தால் எனக்கும் ஒத்தாசைதான். என் அம்மாவும் அன்றைக்கு இப்படித்தான் நினைத்திருப்பாள்.