வாசலில் மிஞ்சிய செருப்பு

பாகன் நகர், புதன்கிழமை

என் அன்புள்ள கோ யே லின்னுக்கு,

உங்கள் இடுப்புவலி தேவலையா? மகள் அழாமல் பள்ளிக்குப் போகிறாளா? நான் இங்கே நலம்.

நேற்று யாங்கோனிலிருந்து வந்த பதினான்கு ஓய்வுபெற்ற ஆசிரியைகளுக்கு, பாழடைந்த புத்தர் கோயில்களைச் சுற்றிக் காட்டினேன். நான் தலையை எண்ணுவதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தானே எல்லாரும் உள்ளே போகிறார்கள்? வாசல் காலியானால் அத்தனை பேரும் வெளியே வந்தாயிற்று என்று அர்த்தம்.

கடைசிக் கோயிலில் ஒரு ஜோடி மிஞ்சிவிட்டது. நைந்துபோன, மண்ணேறிய செருப்பு. "மேல ஏறிப் பாக்கணும்" என்று காலையிலிருந்து அடம்பிடித்த மியா சீன் டீச்சருடையதாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். அந்தக் கோயிலின் மாடிப்படியோ நிலநடுக்கத்தில் பிளந்துபோனது. டார்ச்சோடு இருட்டில் நாலு சுற்று ஓடி, பெயர் சொல்லிக் கத்தினேன்.

வெளியே வந்தால், டீச்சர் பஸ் ஜன்னலோரம் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருக்கிறார்.

"யாரைம்மா தேடுற?"

"உங்களைத்தான் டீச்சர்! செருப்பு அங்கயே கிடக்கே!"

"என்னோடது என் கால்ல இருக்கு. உன் காலைக் கொஞ்சம் குனிஞ்சு பாரு!"

வெறுங்கால். பஸ்ஸே சிரித்தது. நானும் படியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வருமளவு சிரித்தேன்.

நம் ஊர் இறால் கருவாடு கொஞ்சம் வேண்டும். செருப்பும் வேண்டும். நான் இங்கே வேலைக்குக் கிளம்பும்போது நீங்கள் வாங்கித் தந்த பச்சை வெல்வெட் செருப்புதான் அது. இரண்டு வருடத்தில் செங்கல் நிறமாகி, எனக்கே அடையாளம் தெரியவில்லை.

டிரைவர் ஹாரன் அடிக்கிறார். அதே பச்சையில் வாங்குங்கள். தபாலில் போட வேண்டாம், நீங்களே கொண்டுவாருங்கள்.

உங்கள்
சன் வே