இருபத்தைந்து கிலோ மூட்டை

மார்ச் 4
கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் பதினோரு வருஷம். இன்றுதான் முதல்முறையாக ஒரு புகார். எங்கள் பேக்கிங் பிரிவில் வேலை செய்யும் அக்கா தொழிலாளர் அலுவலகத்தில் மனு போட்டிருக்கிறார். ஸ்டோர் கீப்பர் வேலைக்கு மூன்று முறை வந்து தோற்றவர். இருபத்தைந்து கிலோ மூட்டையைத் தோள்வரை தூக்க வேண்டும், அதுதான் தேர்வு. மனுவில் ஒரே கேள்வி: "ஸ்டோர்ல அந்த எடையைக் கடைசியா யார் தூக்கினாங்க?"
கோபம்தான் வந்தது. ஆனால் சாப்பிடும்போதும் அதே நினைப்பு. ஆமாம், யார் தூக்கினார்கள்?

மார்ச் 5
ஸ்டோரில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன். எல்லாம் ஃபோர்க்லிஃப்ட். கையால் எடுத்ததில் கனமானது ஸ்க்ரூ பெட்டி. தராசில் வைத்தேன் – ஒன்பது கிலோ. அங்கிருந்த ஸ்டோர் கீப்பர் சிரித்தார். "மூட்டையா? தேர்வு அன்னிக்குத் தூக்கினதோட சரி மேடம்."

மார்ச் 6
இந்த விதியை எழுதிய புண்ணியவான் யார் என்று பழைய கோப்பைத் தேடினேன்.
நான்தான். ஃபோர்க்லிஃப்ட் வருவதற்கு முந்தைய வருஷம்.

மார்ச் 9
பழைய தேர்வுத் தாள்களைப் பிரித்து எண்ணினேன். ஆண்கள் முப்பத்தெட்டு பேரில் முப்பத்துநாலு பேர் தேறியிருக்கிறார்கள். பெண்கள் இருபத்தாறு பேரில் ஒருத்தி. எல்லாத்துலயும் என் கையெழுத்து. கண் எங்கே போச்சு எனக்கு? நானும் பொம்பளைதானே!
"நீ வேணும்னேவா பண்ணின? விடு" என்றார் வீட்டுக்காரர்.

மார்ச் 11
கம்பெனி வக்கீலிடம் அதையே சொல்லிப் பார்த்தேன். "வேணும்னு செஞ்சீங்களாங்கறது மட்டும் கேள்வி இல்ல மேடம். விதி யாரை வெளிய தள்ளுது, வேலைக்கு அது தேவையா – இதையும் கேப்பாங்க."
மேனேஜர் குறுக்கிட்டார். "தேவைதான்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. முடிஞ்சுது."
ஒரு வரி. எழுதாவிட்டால் என் நாற்காலி?

மார்ச் 12
தேவையில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். எண்ணிக்கையையும் சேர்த்து. மேனேஜர் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஏப்ரல் 2
மூட்டை ஒழிந்தது. புதுத் தேர்வு: சரக்கையும் பட்டியலையும் ஒப்பிட்டுப் பிழை கண்டுபிடிக்க வேண்டும். நான் ஐந்து பிழை வைத்திருந்தேன். பேக்கிங் அக்கா ஆறு கண்டுபிடித்தார். ஆறாவது நிஜமாகவே என் பிழை.
வெளியே வந்தவரிடம், "எனக்குத் தோணவே இல்லக்கா" என்றேன்.
"தோணாம இருக்கலாம் மேடம். மூணு தடவை தோத்துட்டுப் போனேனே, ஒரு தடவைகூட உங்களுக்கு ஏன்னு கேக்கத் தோணலையா?"


மே 20
நான்கு பேனா கேட்டு ஸ்டோருக்குச் சீட்டு அனுப்பினேன். இரண்டுதான் வந்தது. சீட்டின் பின்னால் புது ஸ்டோர் கீப்பர் அக்காவின் கையெழுத்து: "போன வாரம் வாங்கின நாலும் என்ன ஆச்சு மேடம்?"
டிராயரைத் திறந்து பார்த்தேன். நான்கும் இருக்கிறது.