ஆறு முறை ஏலம் போன கேக்

அன்பு மகள் ஜனெலுக்கு,

அப்பா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை, முழங்கால் மட்டும் குளிர் வருவதை நாலு நாள் முன்னாலேயே சொல்லிவிடுகிறது. அலாஸ்காவில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, பள்ளிக்கூட வேலையோடு மல்லாடினாலும் நன்றாகத் தூங்கி எழுந்து சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். வருஷத்துக்கு ஒரு பிறந்தநாள் வாழ்த்தோடு நிறுத்திக்கொள்கிறவன் இவ்வளவு கனமான உறையை அனுப்பினால் உனக்குப் பயமாகத்தான் இருக்கும். போன வாரம் போனில் பேசும்போது, சொல்ல வேண்டியது இரண்டு தடவை வாய் வரை வந்தது. நீ மக்காச்சோளம் அறுத்தாயிற்றா என்று கேட்டாய், நானும் அதைப் பற்றியே பேசிவிட்டு வைத்துவிட்டேன். அறுத்தாயிற்று, விளைச்சல் பரவாயில்லை. கிழட்டு நாய் இன்னும் உன் அறை வாசலில்தான் படுக்கிறது, அதற்குக் காது சுத்தமாகக் கேட்பதில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் தீயணைப்பு நிலையத்தில் டாரா லிண்ட்க்விஸ்டுக்காகத் தேர்தல் நிதி விருந்து வைத்தார்கள். தீயணைப்பு வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே மேஜை போட்டிருந்தார்கள். நம் ஊரில் மாட்டு வைத்தியம் பார்த்தவள், நாடாளுமன்றத்துக்கு நின்று வாஷிங்டன் போகப் பார்க்கிறாள் என்றால் அவளுக்கு ஓட்டுப் போடாதவனும் சாப்பிட வருவான், வந்தார்கள். கோழியும் நூடுல்ஸும் போட்ட குழம்பு, உருளைக்கிழங்கு மசியல், உப்பு வழக்கம்போலக் குறைவு. உன் அம்மாவின் சிநேகிதி வாண்டா என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டு, "என்ன டெல்மர், இது கல்யாணத்துக்குப் போட்ட சட்டைதானே? பொத்தான் உயிரைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது பாரு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு நழுவிவிடலாம் என்றுதான் போனேன்.

சாப்பாடு முடிந்து டாரா பேச எழுந்தாள். கையில் ஒரு காகிதம். நீ வசந்த காலத்தில் அவளுக்கு எழுதியதாகச் சொன்னாயே, அந்தக் கடிதம். அதை அவள் ஊர் கூடிய இடத்தில் படிப்பாள் என்று நான் நினைக்கவே இல்லை. "எங்க ஊர் ஆஸ்பத்திரியை மூடின எட்டாவது மாசம், ஒரு மத்தியானம், எங்கம்மாவுக்கு நெஞ்சு வலி வந்துச்சு. வலி வந்த நிமிஷமே அப்பா வண்டியை எடுத்துட்டாரு. அறுபது மைல் போகணும். பாதி வழிகூடப் போகலை. எங்கப்பா மனுஷனால முடிஞ்ச எல்லாத்தையும் செஞ்சாரு." இப்படியே, ஒரு வார்த்தை மாற்றாமல் படித்தாள். படித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "டெல்மர், கொஞ்சம் எழுந்து நிக்கிறீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். நான் எழுந்து நின்றேன், ஜனெல். இருநூறு பேர் கை தட்டினார்கள். வாண்டா கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு உட்காரவும் தெரியவில்லை.

அதன் பிறகு கேக் ஏலம். வாண்டா உன் அம்மா செய்கிற மாதிரியே மோர் விட்டுச் சாக்லேட் கேக் செய்து, மேலே ஓர் அட்டையில் ஆர்லிஸ் என்று அம்மாவின் பெயரை எழுதி வைத்திருந்தாள். சந்தையில் மாடு ஏலம் விடுகிற மார்வ்தான் இங்கும் ஏலம் விட்டான். முதலில் எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டுக் கேக்கைத் தொடக்கூட இல்லை, "திரும்ப வித்துடு மார்வ்!" என்று கத்தினார். களஞ்சியம் எரிந்துபோன குடும்பத்துக்கும், நோயில் விழுந்த பிள்ளைக்கும் நம் ஊர் இப்படித்தான் செய்யும், உனக்குத் தெரியும். அடுத்தவரும் அதையே சொன்னார். அம்மாவின் பெயரைச் சொல்லிச் சொல்லி அந்த ஒரு கேக்கை ஆறு முறை விற்றார்கள். ஒரு நாள் முழுக்கக் கத்தினாலும் தண்ணீர் கேட்காத மார்வ் நாலாவது முறை ஏலத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீர் கேட்டான். ஆறாவதாக எடுத்த விதைக் கடைக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு வந்து என் கையில் வைத்து, "இது உங்க வீட்டுக்குப் போக வேண்டியதுங்க" என்றார். டாரா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "புதன்கிழமை உங்க சமையலறையில வச்சு டிவி விளம்பரத்துக்குப் படம் எடுத்துக்கட்டுமா? நடந்ததை நடந்த மாதிரி சொன்னாப் போதும்" என்று கேட்டாள். மடியில் கேக்கை வைத்துக்கொண்டு தலையாட்டினேன்.

செவ்வாய்க்கிழமை அவளுக்குப் போன் செய்து வர வேண்டாம் என்றேன். "உங்க மகளுக்கு இதுல சம்மதந்தானே, உங்களுக்கு என்ன தயக்கம்?" என்று கேட்டாள். நடந்ததைச் சொல்லச் சொன்னீர்களே, அதுதான் தயக்கம் என்றேன். அவள் கெட்டிக்காரி, மேலே கேட்கவில்லை. உன்னிடமிருந்து தகவல் வரும்வரை அந்தக் கடிதத்தை எங்கேயும் படிப்பதில்லை என்று சொன்னாள்.

வலி மத்தியானம் வரவில்லை, ஜனெல். காலை ஆறு மணிக்கே வந்தது. காபி போட்டுக்கொண்டிருந்தவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு, "நெஞ்சுல கல்லை வச்ச மாதிரி இருக்கு டெல்மர், போய்க் காட்டிட்டு வந்துடலாமா?" என்று கேட்டாள். காய்ந்த புல் வயலில் வரிசை வரிசையாகக் கிடந்தது, மேற்கே மழை கறுத்துக்கொண்டிருந்தது, நனைந்தால் புல் வீண். நேற்றுத் தின்ற பன்றிக்கறி வேலையைக் காட்டுகிறது, ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு படு, புல்லைக் கட்டிவிட்டு வந்துவிடுகிறேன் என்றேன். பத்து மணிக்கு அவளே வண்டியை ஓட்டிக்கொண்டு வயலுக்கே எனக்குக் குடிக்கத் தேநீர் எடுத்து வந்தாள். முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. "இன்னும் எத்தனை வரிசை?" என்று கேட்டாள். நாலு என்றேன். "சரி" என்றாள். அந்த நாலையும் முடித்துவிட்டுத்தான் வந்தேன். கிளம்பும்போது மணி பன்னிரண்டு. அன்று மழை பெய்யவே இல்லை.

சாவு வீட்டுக்கு நீ விமானத்தில் வந்து இறங்கி என்னைக் கட்டிக்கொண்டு, எப்போது வலி வந்தது என்று கேட்டாய். மத்தியானம் என்று வாயில் வந்துவிட்டது. பிறகு உனக்கு ஆஸ்பத்திரியை மூடியவர்கள் மேல் கோபம் வந்தது, அந்தக் கோபத்துக்குப் பின்னால் இரண்டு வருஷம் நான் சௌகரியமாக ஒளிந்துகொண்டேன். அவர்கள் மூடியது தப்புதான், அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. அது ஊருக்குள்ளேயே இருந்திருந்தால் அவள் என்னைக் கேட்டிருக்கவே மாட்டாள், செருப்பை மாட்டிக்கொண்டு தானே நடந்து போயிருப்பாள். அறுபது மைல் என்பதால்தான் என்னைக் கேட்டாள். கேட்டதற்கு நான் சொன்ன பதில் என்னுடையது, அதை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது. மனுஷனால் முடிந்த எல்லாவற்றையும் செய்தார் என்று நீ எழுதிய வரியை இன்னொரு தடவை கேட்க எனக்குத் தெம்பில்லை, கண்ணு. மன்னித்துவிடு என்று எழுதப் பார்த்தேன், அதை நான் கேட்க வேண்டியவள் நீ இல்லை. டாராவுக்கு என்ன சொல்வது என்று நீயே முடிவு செய். உள்ளதைச் சொன்னாலும் சரி, கடிதத்தைத் திருப்பிக் கேட்டாலும் சரி, ஊர் என்ன பேசினாலும் நான் தாங்கிக்கொள்வேன். என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் கொஞ்ச நாள் பேசாமல் இரு. நீ எதைக் கேட்டாலும் இனி மாற்றிச் சொல்ல மாட்டேன்.

கர்த்தர் உன்னைப் போகும்போதும் வரும்போதும் காக்கட்டும். பனிக்காலத்துக்கு வண்டியின் டயரை இப்போதே மாற்றிவிடு, கடைசி நாள் வரைக்கும் இழுக்காதே. இன்னொன்றையும் மறந்துவிடாதே. உடம்பில் எங்கே வலித்தாலும் யார் வேலை முடியவும் காத்திருக்காதே, யாரிடமும் போகலாமா என்று கேட்காதே, என்னைப் போல ஒருவன் பக்கத்தில் இருந்தாலும் கேட்காதே. நீயே போ.

உன் அப்பா,
டெல்மர்