நீ படுத்துக் காட்டிய பௌர்ணமி

அம்மா,

இன்று காலை மருந்துக் கடையிலிருந்து திரும்பும்போது, செங்கம் ரோட்டில் லாரியிலிருந்து இரும்புத் தடுப்புகளை இறக்கித் தார் ரோட்டின் மேல் தரதரவென்று இழுத்துக்கொண்டிருந்தார்கள். நாளைக்குப் பௌர்ணமி. அந்தச் சத்தம் காதில் விழுந்ததுமே எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. ஊரே மலையைச் சுற்ற ஆசையாகக் காத்திருக்கிறது. எனக்கோ உன்மேல் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வருகிறது. எப்பேர்ப்பட்ட பொம்பளை நீ!

சில வருஷத்துக்கு முன்னால் உனக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. "இது மெதுவா ஜாஸ்தி ஆவும்மா, கம்மி ஆவாது" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். நீ அழவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணனையும் என்னையும் எதிரே உட்காரச் சொன்னாய். "நான் படுத்துட்டா என்ன பண்ணுவீங்க? இப்பவே சொல்லுங்க. எனக்கு வாய் இருக்கும்போதே கேட்டுக்கணும்" என்றாய்.

அண்ணன் முகம் கறுத்துப்போயிற்று. "வெள்ளிக்கிழமை அதுவுமா என்னம்மா பேச்சு இது?" என்றான். அண்ணி சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கல்யாணம் என்றால் ஒரு வருஷம் முன்னாடியே மண்டபம் பிடிக்கிற ஜனங்கள் நாம். படுக்கையைப் பற்றிப் பேசினால் மட்டும் படுக்கை வந்துவிடும் என்று பயம். நீ விடுகிற ஆளா? தரையோடு ஒரு ரூம் வேண்டும், பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பி வேண்டும், பார்த்துக்கொள்ள ஒரு பெண் வேண்டும் என்று அடுக்கினாய். அண்ணனிடம் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் இருந்தது. "பெரிய புள்ள நான் இருக்கேன். என் வீட்லதான் இருப்ப. கூலிக்கு ஆள் வெச்சா ஊரு காறித் துப்பும்."

அவன் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டியே இருந்தது. கீழே கடை, மேலே குடித்தனம். மாடிப்படியில் ஒரு ஆள் ஏறினால் எதிரே வருகிற ஆள் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். என் வீடு வேட்டவலம் ரோட்டுப் பக்கம், தரைத்தளம். "என்கிட்ட இருக்கட்டுமே" என்று வாயைத் திறந்தேன். "அம்மாவ மாப்ள வீட்ல தள்ளிட்டான்னு பேச்சு வாங்கவா?" என்று என்மேல் பாய்ந்தான். அதற்குப் பிறகு அண்ணனும் நானும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை.

அடுத்த பௌர்ணமிக்கு என்னையும் என் வீட்டுக்காரரையும் அண்ணன் வீட்டுக்கு வரச் சொன்னாய். சாயங்காலம் கூட்டம் ரோட்டை அடைத்த நேரம் பார்த்து, நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவள், கட்டிலில் போய்ப் படுத்தாய்.

"டேய் பெரியவனே, நான் விழுந்துட்டேன். ஆஸ்பத்திரிக்குத் தூக்கு."

"ஐயோ, என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. ஆச்சுன்னு வெச்சிக்கோ. தூக்குடா பாக்கலாம்."

அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலியில் உன்னை உட்காரவைத்து, அவனும் என் வீட்டுக்காரரும் ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கினார்கள். படி திரும்புகிற இடத்தில் நாற்காலி சிக்கியது. அவர் கால் வழுக்கியது. நீ அப்படியே முன்னால் சரிந்தாய். நான் போட்ட கூச்சலில் கடைக்காரர்கள் ஓடி வந்தார்கள். உன் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் "போதும், இறக்கு" என்று ஒரு வார்த்தை உன் வாயிலிருந்து வரவில்லை. விளையாட்டுக்கு ஆரம்பித்தது நிஜமாகவே உன்னைக் கொண்டுபோய்விடப் போகிறது என்று நான் நடுங்கினேன்.

ஒரு வழியாக ரோட்டுக்கு வந்தால், பார்க்கிற இடமெல்லாம் தலை. அண்ணன் தெரிந்த ஆட்டோக்காரருக்குப் போன் போட்டான். "தடுப்பு போட்டுட்டாங்கண்ணே, வண்டி உள்ள வராது" என்றார். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரம்மா நாற்காலியில் சாய்ந்திருந்த உன்னைப் பார்த்துவிட்டாள். செத்தவர்களை உட்காரவைத்துத் தூக்குகிற வழக்கம் உள்ள வீடு அவள் வீடு. "எங்கள விட்டுட்டுப் போயிட்டியே!" என்று மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். போகிற பக்தர்கள் நின்று கும்பிட்டார்கள். யாரோ ஒருவர் உன் நெற்றியில் விபூதியே பூசிவிட்டார். நீ கண்ணைத் திறந்து, "இன்னும் இல்லடி, உள்ள போ" என்றாய்.

"மானத்த வாங்கிட்டியேம்மா" என்று அண்ணன் உன் காலடியிலேயே, தார் ரோட்டில் உட்கார்ந்து அழுதான். "பாத்துக்கறேன்னு நான் சொன்னது பொய்யா?"

"பொய்னு யாருடா சொன்னா? உன் பாசத்துல கொறையில்ல. உன் மாடிப்படியிலதான் கொறை" என்றாய்.

அந்த வாரமே என் வீட்டுக்கு வந்தாய். கம்பி போட்டோம். உன்னைப் பார்த்துக்கொள்ள வந்த செல்வியை, தலை வாரச் சொல்லி, கை பிடித்து எழுப்பச் சொல்லி, நீயே சோதித்து வைத்துக்கொண்டாய். கடைசியாக ஒரு நிபந்தனை போட்டாய். "என் துணிய மட்டும் பெரியவன் மாத்தக் கூடாது. பெத்த புள்ள முன்னாடி அப்படிக் கிடக்க என்னால ஆவாது. பொம்பளதான் செய்யணும்." அண்ணனும் நானும் தலையாட்டினோம்.

நீ சொன்னபடியே எல்லாம் நடந்தது. படுத்தாய், பேச்சும் போனது. நீ போட்டு வைத்த ஏற்பாடு நீ கண்ணை மூடுகிற வரைக்கும் உன்னைத் தாங்கியது. ஒரே ஒரு நாள் தவிர. அன்று செல்விக்குக் காய்ச்சல். எனக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து, குனியக் கூடாது, எதையும் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். உன்னைப் பார்க்க வந்த அண்ணன் மட்டும் இருந்தான். ரூமிலிருந்து நாற்றம் வர ஆரம்பித்தது. நீ முனகினாய். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். அவன் எழுந்து அக்கம்பக்கத்தில் பெண்கள் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வந்தான். எல்லா வீடும் பூட்டியிருந்தது. முனகல் அழுகையாக மாறியது. அவன் வேட்டியை மடித்துக் கட்டி, பக்கெட்டில் தண்ணீர் பிடித்தான்.

"அம்மா வேணாம்னு சொல்லியிருக்குண்ணா" என்றேன்.

"தெரியும்" என்றான்.

கதவுக்கு வெளியே நின்றேன். தண்ணீர் சத்தம் கேட்டது. "அம்மா, நான் பாக்கல. கண்ண மூடிட்டுதான் இருக்கேன். திட்டாதம்மா" என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தது கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. பயந்துபோய் உள்ளே எட்டிப் பார்த்தேன். போர்வையை இழுத்துவிட்டுக் கட்டிலோரம் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தான். உன் கை நடுங்கி நடுங்கி அவன் தலைமேல் இருந்தது. நீ தடவினாயா, தள்ளினாயா? கட்டுப் போட்டது போக மிச்சமிருந்த ஒரு கண்ணால் எனக்குத் தெரியவில்லை. தடவினாய் என்றுதான் அண்ணன் இன்றைக்கும் சொல்கிறான்.

இப்போது என் முறை. முட்டி போய்விட்டது, சர்க்கரையும் ஜாஸ்தி. போன வாரம் பெங்களூரிலிருந்து வந்த என் பிள்ளையை எதிரே உட்காரவைத்தேன். "ஏம்மா இப்பப் போய் இதெல்லாம்?" என்று அவனும் ஆரம்பித்தான். விடவில்லை, உன் பெண்தானே. ரூம், கம்பி, பார்த்துக்கொள்ள ஆள், எல்லாம் சொன்னேன். உன் கடைசி நிபந்தனையும் நாக்கு நுனி வரை வந்தது. மன்னித்துக்கொள் அம்மா, அதை மட்டும் மாற்றிவிட்டேன்.

"ஆள் வராத அன்னிக்கு நீதான் செய்யணும். கண்ண மூடிக்காம செய்டா. வெக்கம் என்னோடது, அத நான் பாத்துக்கறேன்."