டீ இறங்காத புதன்

புதன். காலை வெயில், மாலை தூறல்.

கோலார் தங்க வயல் பொதுமக்களுக்கு ஓர் ஆழ்ந்த துயர அறிவிப்பு. ஊரார் ஸ்கெலட்டன் என்று கூப்பிடும் மணியின் ஒரே மகன் சந்துருவின், அதாவது என், இடது செருப்பு இன்று காலை ஆஸ்பத்திரி வாசலில் காலமானது. மலர்வளையம் வேண்டாம். புதுச் செருப்பு போதும்.

சின்னச் செய்தி: அப்பாவின் ஆபரேஷன் நடக்கவில்லை.

குடலிறக்கம். பெங்களூரில் துணி மூட்டை தூக்கித் தூக்கி வந்தது. அடிவயிற்றில் எலுமிச்சையாக ஆரம்பித்து இப்போது சாத்துக்குடி. எங்கள் அரசு ஆஸ்பத்திரிக்கு மயக்க மருந்து டாக்டர் புதன்கிழமை மட்டும்தான் வருவார். மற்ற நாள் மற்ற ஊர். இன்று அவர் கேட்டார், ஏதாவது சாப்பிட்டீர்களா என்று. இல்லை என்றார் அப்பா. குடித்தீர்களா? ஒரே ஒரு டீ. சொல்லும்போது முகத்தில் பெருமை வேறு.

"சாப்பிடக் கூடாதுன்னு தானே சொன்னாங்க. டீ இன்னா சாப்பாடா?"

மயக்கத்தில் அந்த டீ மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் ஆள் காலி என்று டாக்டர் விளக்கினார். அடுத்த புதன் வரச் சொல்லிவிட்டார்.

டீ வாங்கிக் கொடுத்தது அப்பாவின் சிநேகிதர் தேவராஜ் மாமா. இவர்கள் இருவரின் அப்பாக்களும் ஒரே ஷிஃப்டில் சுரங்கத்தில் இறங்கியவர்கள். சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜ் என்ற கூண்டில் ஏறுமுன் கூட்டாளியோடு ஒரு டீ. அது இல்லாமல் இறங்கவே மாட்டார்களாம். நான் பிறக்குமுன்பே சுரங்கத்தை மூடிவிட்டார்கள். டீயை மட்டும் யாரும் மூடவில்லை. அப்பா பெங்களூர் ரயில் ஏறுமுன்னும் இவர்களுக்கு டீ. ஆபரேஷனுக்கு முன்னும் டீ.

கட்டில் தலைமாட்டில் என்.பி.ஓ. என்று ஓர் அட்டை. வாய்வழியாக எதுவும் கூடாது என்று அர்த்தமாம். அப்பா அதை வார்டு பெயர் என்று நினைத்திருக்கிறார்.

வெள்ளி. காற்று.

அப்பா சொல்லாமல் வேலைக்குப் போய்விட்டார். அம்மா கத்தவில்லை. அம்மா கத்தாத நாள்தான் பயமான நாள்.

சனி. மேகமூட்டம்.

வழக்கமாகப் படுத்தால் வீக்கம் உள்ளே போய்விடும். இன்று போகவில்லை. அப்பா சுவரைப் பிடித்தபடி நின்றார், முகம் சாம்பல். ஆட்டோ. ஆஸ்பத்திரி. டாக்டர் வெகுநேரம் அழுத்தி உள்ளே தள்ளினார். அப்பாவின் கை என் மணிக்கட்டில். இன்னும் சிவப்பாக இருக்கிறது.

டாக்டர் சொன்னது: குடல் மாட்டிக்கொண்டால் ரத்தம் ஓடாது, அழுகிவிடும். ராத்திரி பகல் பார்க்காமல் பெங்களூருக்கு ஓட வேண்டும், போய்ச் சேர்வதற்குள் எதுவும் ஆகலாம். இந்தப் புதனைத் தவற விடாதீர்கள்.

திரும்பும்போது ஆட்டோவில் ஒரு ஜோக் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. நானும்.

திங்கள். வெயில்.

எதிரிகள்: 1. தேவராஜ் மாமாவின் பிளாஸ்க். 2. அத்தையின் இட்லி டப்பா. 3. பக்கத்துக் கட்டில்காரரின் பன். 4. அப்பாவின் வாய்.

காவல் தலைமை: சந்துரு. சம்பளம் இல்லை.

செவ்வாய். தூறல்.

அட்மிட் ஆயிற்று. என்.பி.ஓ. அட்டையைக் கழற்றினேன். கிழிக்கவில்லை, திருப்பினேன். பின்பக்கம் ஸ்கெட்ச் பேனாவில் அப்பாவின் முகம், வாய் இருக்கும் இடத்தில் சுரங்க வாசல். அதன் குறுக்கே கம்பி. கீழே: "புதன்கிழமை கேஜ் ஓடாது. சோறு, பன், டீ, காபி யாருக்கும் இறங்க அனுமதி இல்லை. டீயும் சாப்பாடுதான்."

ஸ்டெல்லா சிஸ்டர் பிடித்துவிட்டார். திட்டு நிச்சயம் என்று காதைத் தயாராக வைத்தேன். அவர் இரண்டு முறை படித்தார்.

"பக்கத்துல கன்னடத்துலயும் எழுதுடா. நாளைக்கு ஆபரேஷன் இருக்குற எல்லாக் கட்டிலுக்கும் வேணும்."

தண்ணீரைத் தனியாக எழுதச் சொன்னார். அதை எப்போது நிறுத்துவது என்று அவரே வந்து சொல்வாராம். மூன்று அட்டை எழுதினேன். கன்னட எழுத்து கொஞ்சம் கோணல். இனி இந்த ஆஸ்பத்திரி என்னை நம்பித்தான் ஓடுகிறது. அப்பாவோடு நானும் பட்டினி என்று அறிவித்துவிட்டேன். ராத்திரியே ஆரம்பம். இரும்பு வயிறு எனக்கு.

புதன். மழை.

எதிரி எண் 1 வந்தார். பிளாஸ்க்கோடு. வார்டு வாசலில் கையை விரித்து மறித்தேன். அட்டையைக் காட்டினேன். படித்தார். சிரிக்கவில்லை. முகம் சுருங்கிவிட்டது. போன வாரம் நடந்ததற்கு யாரும் அவரை ஒன்றும் சொன்னதில்லை. அவரே தன்னைச் சொல்லிக்கொண்டிருந்திருப்பார் போல.

"வெறும் வயித்தோட இறக்குறதா? எங்க வழக்கத்துலயே இல்லயேடா," என்றார். என்னிடம் அல்ல, பிளாஸ்க்கிடம்.

அப்பாவின் பார்வையும் பிளாஸ்க்கில். டாக்டர் வரும் நேரம். ஒரு வாய் போதும், இன்னொரு வாரம் போய்விடும். இன்னொரு சனிக்கிழமை வந்துவிடும்.

அப்பா சொன்னார்: "மூடி வையி தேவா. மேல ஏறி வந்து குடிக்கிறேன்."

மாமா மூடியை இறுக்கித் திருகி என் கையில் கொடுத்தார். பத்திரம் என்றார்.

மயக்க மருந்து டாக்டர் அட்டையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், சரி என்று தலையசைத்தார். கட்டில் உருண்டது. கதவு மூடியது.

புதன், மாலை. மழை விட்டது.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. அம்மா வராந்தாவில் உட்கார்ந்து இப்போதுதான் அழுகிறார். தேவராஜ் மாமா தெருவுக்கே போன் செய்து சொல்லிக்கொண்டிருக்கிறார்: சந்துரு சிங்கம் மாதிரி நின்னான், ஒரு சொட்டு உள்ள போவல. நான் மறுக்கவில்லை.

அப்பா கண் விழித்ததும் கேட்டது: "தேவாவோட டீ எங்க?" இப்போது கொடுக்கக் கூடாது என்றார் சிஸ்டர், முதலில் தண்ணீர்தானாம். பிழைத்தேன்.

இது யாருக்கும் தெரிய வேண்டாம். ஸ்டெல்லா சிஸ்டருக்குத் தெரியும், அவர் சொல்ல மாட்டார். கதவு மூடிய கொஞ்ச நேரத்தில் இரும்பு வயிறு வராந்தாவில் மல்லாந்து விழுந்தது. சிஸ்டர் தூக்கி உட்காரவைத்து, பக்கத்தில் கிடந்த பிளாஸ்க்கைத் திறந்து வாயில் ஊற்றினார்.

முதல் டம்ளர்தான் அவர் ஊற்றியது. மீதியை நானே குடித்தேன்.